இரு குழந்தைத் தடையும் கிராமத்துப் பெண்ணின் விருப்பமும்



இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இயலாது என்னும் தடை, 1994ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச ஊராட்சிச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. 2024 நவம்பரில் சட்டமன்றம் அதை நீக்கியது. நீக்கியது சரியே. பல குழந்தைகளைப் பெற்ற ஏழைகளையும் தலித், பழங்குடிப் பெண்களையும் ஊராட்சி மன்றத்தின் வாசலிலேயே நிறுத்தி வைத்த தடை அது.

ஆனால், அதற்கு முந்தைய மாதம் முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு பேசியதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளவர்களே தேர்தலில் நிற்கலாம் எனச் சட்டம் கொண்டுவரும் எண்ணம் உண்டு என்றார். அவர் பிறந்த நாராவாரிப்பள்ளி இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. 1989 முதல் அவரைத் தேர்ந்தெடுத்து வரும் குப்பம், சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. அந்த ஊர்களின் பெண்ணிடம் நேற்று “போதும்” என்ற அரசு, இன்று “இன்னும் பெறு” என்கிறது. அவள் விருப்பம் என்னவென்று நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திராவில் மணமான பெண்களில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கருத்தடை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி ஆகியவற்றின் பங்கு மிக அற்பம். அதே ஆய்வு, 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 29 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமுடித்து வைக்கப்பட்டதையும் கூறுகிறது. இளவயதில் திருமணம், அடுத்தடுத்து இரண்டு பேறு, உடனே அறுவை. இரு பேறுகளுக்கும் இடையே உடல் தேறுவதற்கான அவகாசம் எங்கே? இதைத் திட்டத்தின் வெற்றி என்று கோப்புகள் எழுதிக்கொள்கின்றன.

ஆண்கள் விலகி நிற்பதற்கு வரலாறு உண்டு. அவசரநிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. மக்கள் சினம் தேர்தலில் வெடித்த பிறகு, ஆட்சியாளர்கள் ஆண்களைத் தொட அஞ்சினர். சுமை முழுவதும் பெண்களின் மீது இறங்கியது. 1996இல் இலக்கு முறை கைவிடப்பட்டதாக அறிவித்தார்கள். முகாம்கள் நிற்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. முகாம்களுக்கு வந்தவர்களில் 13 பெண்கள் மாண்டனர். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களுக்கு முடிவு கட்டுமாறு உச்சநீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது.

அந்தரா ஊசி 2017இல் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி அது. ஊசி இருப்பில் இருக்க வேண்டும். செவிலியர் இருக்க வேண்டும். பக்க விளைவு வந்தால் கேட்க ஆள் வேண்டும். 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்நிலையம் உயிரோடு இயங்கினால்தான் பெண்ணுக்குத் தேர்வு என்பதற்குப் பொருள் உண்டு. ஒரே அறுவையில் கணக்கை முடிப்பது நிர்வாகத்துக்கு எளிது, மலிவும்கூட.

இந்தப் பணியை வீடு வீடாகச் சுமப்பவர்கள் ஆஷா ஊழியர்கள். ஆந்திராவில் 2019இல் அவர்களது மதிப்பூதியம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. ஊதியம் என்று சொல்ல மறுக்கும் அரசு, வேலையை மட்டும் குறைப்பதில்லை.

கிளைத் தோழர்கள் அவரவர் ஊரின் துணை நிலையத்துக்குச் சென்று இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். அடுத்த தவணை அந்தரா ஊசி கையிருப்பில் உள்ளதா? இந்த ஆண்டு மண்டலத்தில் எத்தனை ஆண்கள் கருத்தடை செய்துகொண்டனர்? பதிலை எழுத்தில் பெற்று, அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்.