யானைச் சின்னமும் யாழ்ப்பாணத்து வாக்குகளும்



அரசாங்கப் பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் ஓர் அரசியற் கட்சியின் பெயரைச் சொன்னால், அதற்கு வாக்குச் சேகரிக்க வந்தார் என்றோ, அதனைத் தூற்ற வந்தார் என்றோ எண்ணுதல் நம்மவர் வழக்கம். நான் இவ்விரண்டிற்கும் வரவில்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு நம் நாட்டிலே தமிழ் வாக்காளருள் யார் வாக்களித்தனர், எங்கே வாக்களித்தனர், எதன்பொருட்டு வாக்களித்தனர் என்பதே இன்று நான் ஆராய விரும்பும் பொருள்.

1946 ஆம் ஆண்டு டி. எஸ். சேனநாயக்காவின் தலைமையில் உருவாகிய அக்கட்சி, தனியார் முயற்சியையும் திறந்த வாணிபத்தையும் போற்றும் வலதுசாரிக் கட்சி. இத்தகைய கட்சிகளுக்குப் பிறநாடுகளில் வணிகரும், நிலமுடையோரும், உயர்தொழில் புரிவோரும் வாக்களிப்பர் என்று அரசியல் நூலோர் கூறுவர். இவ்வளவுகோலை வல்வெட்டித்துறையில் வைத்துப் பார்த்தால், அவ்வூர் இக்கட்சியின் கோட்டையாக இருந்திருக்க வேண்டும். பாய்க்கப்பல் கட்டி, நாகபட்டினத்துக்கும் இரங்கூனுக்கும் ஓடி, அரிசியும் தேக்கும் கொணர்ந்து விற்ற ஊர் அது. அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பல், 1938 இல் அவ்வூர் மாலுமிகளைக்கொண்டே அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையைச் சென்றடைந்தது. கடல் வாணிபத்துக்குத் தடை விதிப்பதை அவ்வூரவர் என்றுமே விரும்பியதில்லை. தடை இருந்த காலத்தில் அதனை எவ்வாறு கடந்தனர் என்பதை நான் சொல்லாமலே நேயர்கள் அறிவர்! எனினும் அவ்வூர் அக்கட்சியின் கோட்டையாகவில்லை. ஏன்?

விடையின் ஒரு பகுதி முதலாவது பொதுத்தேர்தலிலேயே கிடைக்கின்றது. 1947 இல் யாழ்ப்பாணத் தொகுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் அபேட்சகராக நின்றவர், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மைந்தர் அருணாசலம் மகாதேவா. அவரைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் தோற்கடித்தார். ஆயின் மறு ஆண்டே பொன்னம்பலம் சேனநாயக்காவின் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1965 இலும் இதுவே நிகழ்ந்தது. தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்துக்கு ஆதரவு அளித்தது. வல்வெட்டித்துறையை உள்ளடக்கிய உடுப்பிட்டித் தொகுதியிலிருந்து தமிழ்க் காங்கிரஸ் உறுப்பினராகச் சென்ற மு. சிவசிதம்பரம், 1968 இல் உப சபாநாயகரானார். நம் பகுதியில் அக்கட்சி வாக்காளரைப் பெறவில்லை. வாக்காளர் வேறு கட்சியின் பெயரால் தெரிந்தனுப்பியவர்களைக் கொழும்பிலே பெற்றுக்கொண்டது.

விதிவிலக்காக 1952 ஆம் ஆண்டைக் குறிப்பிடலாம். காங்கேசன்துறையிலே தந்தை செல்வநாயகத்தையே தோற்கடித்து ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன் வெற்றி பெற்றார். பரமேஸ்வராக் கல்லூரியின் அதிபராக இருந்த அவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகர். பின்னர் தபால், ஒலிபரப்பு மந்திரியாகவும் விளங்கினார். முன்பு தோற்றவர் அருணாசலத்தின் மகன். இப்போது வென்றவர் அவருடைய தமையனார் இராமநாதனின் மருமகன். கட்சி அன்று எந்த வட்டத்திலே ஆள் தேடியது என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

1956 இன் தொடக்கத்தில் களனி மாநாட்டிலே சிங்களம் மட்டும் அரசகரும மொழி என அக்கட்சி தீர்மானித்தது. அதில் இருந்த தமிழ் உறுப்பினர் வெளியேறினர். அத்தீர்மானம் தெற்கிலும் கட்சிக்குப் பயன்படவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் எட்டு ஆசனங்களே கிடைத்தன. அதே தேர்தலிற் பருத்தித்துறைத் தொகுதி பொதுவுடைமைக் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிந்தனுப்பியது. வடமராட்சி வாக்காளர் திடீரெனப் பொதுவுடைமைவாதிகளாகிவிட்டனர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மொழியுரிமைக்கு அஞ்சாது குரல் கொடுக்கக்கூடிய ஒருவரை அவர்கள் தேடினர் என்பதே என் துணிபு.

பொருளாதாரத்தை முன்வைத்து நம் மக்கள் வாக்களித்த தேர்தலே இல்லையா என்று கேட்கலாம். ஒன்று உண்டு. அது 1982 இல் நடந்த சனாதிபதித் தேர்தல். 1970 முதல் 1977 வரை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அது பொற்காலம். செம்மண் தறைகளில் விளைந்த வெங்காயம் கொழும்புச் சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று, கல்வீடுகள் எழுந்தன. ஆயின் அதே அரசாங்கந்தான் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைக் கொணர்ந்து, அதே கமக்காரரின் பிள்ளைகளுக்கு வாயிலை அடைத்தது. 1977 இன் பின் ஜே. ஆர். ஜயவர்த்தனா திறந்த பொருளாதாரத்தைப் புகுத்தவே, வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து குவிந்தன. 1981 இல், அவர் ஆட்சியிலேயே, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டுத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி எவரையும் நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திற் குமார் பொன்னம்பலம் நூற்றுக்கு நாற்பது அளவில் வாக்குப் பெற்றார். அவருக்கு அடுத்து வந்தவர் முன்னாள் விவசாய மந்திரி ஹெக்டர் கொப்பேகடுவா; அவருக்கு முப்பத்தைந்து. ஜயவர்த்தனாவுக்கு ஏறத்தாழ இருபதுதான். பிள்ளையின் படிப்பிலே கைவைத்த கட்சியென அறிந்தும், தறையிலே பயிரைக் காத்த மந்திரிக்கு வாக்களித்த கமக்காரரை, ஆசிரியன் என்ற முறையில் நான் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. குறைகூற மனம் வந்ததில்லை.

இனி, யாழ்ப்பாணத்தை விட்டுச் சற்று வெளியே நோக்குவோம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய கொழும்புப் பகுதிகளில் வாழும் தமிழர் நெடுங்காலமாக யானைக்கு வாக்களித்து வந்தனர். மலையகத் தோட்டத் தொழிலாளரின் கதை இன்னும் வியப்பானது. 1948 இல் அவர்களின் பிரசாவுரிமையைப் பறித்தது ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கமே. எனினும் 1978 இல் செள. தொண்டமான் அக்கட்சியின் மந்திரிசபையிற் சேர்ந்தார். 1988 இலும் 2003 இலும் பிரசாவுரிமையை மீட்டளித்த சட்டங்கள் அக்கட்சி ஆண்ட காலத்திலேயே நிறைவேறின. கூலிக்கு உழைப்போர் முதலாளிகளின் கட்சிக்கு வாக்களித்தனர் என்று இடதுசாரிகள் நகைத்ததுண்டு. நாடற்றவனுக்கு முதலில் வேண்டுவது நாடு என்பதை நகைத்தவர்கள் எண்ணவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2000, 2001 ஆம் ஆண்டுகளிற் காரைநகர் வணிகர் தி. மகேஸ்வரன் யாழ்ப்பாணத்தில் யானைச் சின்னத்தில் வென்றார். அவர் 2008 இல் கொல்லப்பட்டபின், அவருடைய துணைவியார் விஜயகலா 2010 இலும் 2015 இலும் வென்றார். ஒவ்வொரு முறையும் கிடைத்தது ஓர் ஆசனமே. அது பெரும்பாலும் ஆளுக்கு விழுந்த வாக்கு.

சனாதிபதித் தேர்தல்களோ வேறு வகையின. 2005 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர் அளவே. ஏறத்தாழ ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்க தோற்றார். 2019 இல் அக்கட்சியின் பிரதித் தலைவராயிருந்த சஜித் பிரேமதாசா அன்னச் சின்னத்தில் நின்று, இம்மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். அவை அவருக்கு விழுந்தனவென்பதினும், எதிரில் நின்ற கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராக விழுந்தன என்பதே பொருந்தும். மறு ஆண்டுப் பொதுத்தேர்தலிற் கட்சி பிளந்து, யானைக்கு நாடெங்கும் ஒரு மாவட்டத்திலேனும் ஆசனம் கிடைக்கவில்லை. 2024 இற் சுயேச்சையாக நின்ற ரணில் இம்மாவட்டத்தில் நூற்றுக்கு இருபத்துமூன்று அளவில் வாக்குப் பெற்றார்; சில வாரங்களின் பின் நடந்த பொதுத்தேர்தலில், ஆறு ஆசனங்களுள் மூன்று இடதுசாரியான தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன.

வல்வெட்டித்துறையில் இன்று பாய்க்கப்பல் கட்டுவாரில்லை. கடற்றொழிலாளரின் வலைகளை அயல்நாட்டு இழுவைப் படகுகள் அறுத்துச் செல்கின்றன. 1982 இல் வெங்காயத்துக்காகக் கமக்காரர் கேட்ட கேள்வியைக் கடலுக்காக வாக்குப் பெட்டியிலே கேட்க வேண்டியவர்கள் இவர்கள். வடக்கிலே வேரூன்ற விரும்பும் வலதுசாரிக் கட்சி எதுவாயினும், மேடைக்கு வருமுன் அதன் அபேட்சகர் ஒருநாள் விடியற்காலையில் அக்கரையில் நின்று, மீன் எவ்வளவு வந்தது, எண்ணெய்க்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டறிதல் வேண்டும்.