தொண்டுக்குப் பரிசு தகுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் நம் குழந்தைகளுக்குப் பரிசுகள் வழங்குகின்றோம். தேர்வில் முதன்மை பெற்றவர்க்கு ஒன்று. பேச்சில் வென்றவர்க்கு ஒன்று. இசையில் சிறந்தவர்க்கு ஒன்று. இத்திறன்களை அளந்து காண்பது எளிது. எளிதில் அளவைக்கு அகப்படாத ஒரு பண்புக்கும் பரிசளிக்கும் இடங்கள் உலகில் உண்டு. கிறிஸ்தவத் திருச்சபைக்குக் குருமாரைப் பயிற்றும் இறையியற் கல்லூரிகள் சிலவற்றில், சிறப்பாக அமெரிக்க நாட்டில், 'தொண்டுத் தலைமை' விருது என்று ஒன்று மாணவர்க்கு அளிக்கப்படுகின்றது. தொண்டுக்குப் பரிசு தகுமா? பரிசை நோக்கிச் செய்வது தொண்டாகுமா? இவ்வினாவையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

இவ்வினா புதியதன்று. இயேசு பெருமானின் சீடருள் யாக்கோபு, யோவான் என்னும் உடன்பிறந்தார் இருவர் அவரை அணுகி, அவர் மாட்சியுறும் காலத்தில் வலப்புறத்தே ஒருவரும் இடப்புறத்தே ஒருவரும் அமர இடம் வேண்டினர் என்று மாற்கு எழுதிய நற்செய்தி கூறுகின்றது. இது கேட்ட ஏனைய பதின்மரும் சினந்தனர். அச்சினத்திலும் அதே ஆசைதான் ஒளிந்திருந்தது போலும்! முதல்வனாக விரும்புவோன் அனைவர்க்கும் பணியாளனாகக் கடவன் என்பதே அவர் அளித்த மறுமொழி. பின்னர் இறுதி இரவு உணவின்போது, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கலத்தில் நீர் வார்த்து, சீடர்களின் கால்களைக் கழுவினார். தம்மைக் காட்டிக்கொடுக்க இருந்தவனும் அக்கூட்டத்தில் இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. தகுதி பார்த்துச் செய்வது தொண்டன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

'தொண்டுத் தலைமை' என்னும் சொல்லை நம் காலத்தில் பரப்பியவர் குருவும் அல்லர்; பேராசிரியரும் அல்லர். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமொன்றில் 1926 முதல் 1964 வரை பணியாற்றி ஓய்வு பெற்ற இராபர்ட் கிரீன்லீஃப் என்பவர், 1970இல் இப்பொருள் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். செருமானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1932இல் வெளியிட்ட கதையொன்று அவருக்குத் தூண்டுகோலாயிற்று. அக்கதையில் பயணக் கூட்டம் ஒன்றுக்கு இலியோ என்பவன் ஏவலனாக இருந்து மூட்டை சுமக்கின்றான். ஒருநாள் அவன் காணாமற்போகவே, கூட்டம் சிதறிப் பயணம் பாழாகின்றது. அவனே அக்குழுவின் பெருந்தலைவன் என்பது பிற்பாடுதான் தெரிய வருகின்றது.

கிரீன்லீஃப் ஓர் உரைகல்லும் தந்தார். தொண்டு செய்தவரைப் பாராதே. தொண்டு பெற்றவரைப் பார். அவர்கள் வளர்ந்தனரா? அறிவும் உரிமையும் பெற்றனரா? தாமும் பிறர்க்குத் தொண்டு செய்ய முன்வந்தனரா? மிகவும் கீழே கிடந்தவர்க்கு அதனால் நன்மை விளைந்ததா? இதுவே அவர் கருத்தின் சாரம்.

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கத்தக்க தமிழர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர்களே அவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொருளைக்கொண்டே தொண்டர்களை அனுப்புவதற்காக 1903இல் திருநெல்வேலியில் சங்கம் கண்டவர்களுள் ஒருவர். 1909இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தொண்டராகப் புறப்பட்டார். 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தாம். வெள்ளையர் பலர் அதனை விரும்பவில்லை. அவரோ மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகச் சென்று, ஒடுக்கப்பட்ட மக்களிடையே உழைத்தார். சிற்றூர் மக்களிலிருந்தே குருமாரைத் தேர்ந்து பயிற்றினார். 1945இல் மறையும் வரை அம்மண்ணை விட்டு அவர் நீங்கவில்லை. தொண்டு பெற்றவர் தொண்டராயினர். உரைகல்லில் பொன் மின்னுகின்றது!

அன்பர்களே! அவரும் தமிழர், பிற மொழி வழங்கும் நாட்டில் குடியேறியவர். நாமும் அவ்வாறே வந்தவர்கள். அவர் தெலுங்கு கற்றது அம்மக்களின் துயர் கேட்பதற்காக. நாம் இவ்வூர் மொழியைக் கற்றது எதற்காக? கடைக்காரனிடம் விலை கேட்கவும் வேலைக்காரியை ஏவவும் போதுமென்ற அளவில் நிறுத்திக்கொண்டோமே! இக்குடியிருப்பின் தெருவைப் பெருக்குபவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவ்வினா எம் நெஞ்சையும் சுடுகின்றது என்பதை மறைக்கவில்லை.

இனி, தொண்டுக்குப் பரிசு தகுமா என்னும் வினாவுக்கு வருவோம். தகும், ஆயினும், முறையறிந்து வழங்கினால்தான் தகும். விண்ணப்பம் செய்து பெறும் பரிசாக அது இருத்தல் ஆகாது. ஆசிரியர் கண்முன் ஓடியாடுபவனைக் கண்டு மயங்குதலும் ஆகாது. விடுதிச் சமையற்காரரைக் கேட்க வேண்டும். இரவுக் காவலரைக் கேட்க வேண்டும். நோயுற்றுக் கிடந்த உடன்மாணவனிடம், உன் அருகில் அமர்ந்தவன் யார் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் பெயர் பெரும்பாலும் மேடையேறி அறியாத பெயராகவே இருக்கும். அத்தகையோனுக்கு அளிக்கும் பரிசு அவனுக்கு ஊதியமன்று. காண்கின்ற நமக்குப் பாடம். நாளை அவன் ஊர் போற்றும் குருவாகும்போது, தொடங்கிய இடத்தை அவனுக்கு நினைவூட்டும் கடனுமாகும்.

நம் சங்கமும் அடுத்த ஆண்டு முதல் இத்தகைய பரிசொன்றை நம் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தலாம் என்பது எம் விருப்பம். அதற்குரிய பிள்ளையைத் தேரும் உரிமையை நாம் வைத்துக்கொள்ள வேண்டா. தெருப் பெருக்குபவரும் பால் கொணர்பவரும் வாயிற்காவலரும் சேர்ந்து தேரட்டும். அவர்களை அழைத்து இவ்வவையின் முன்வரிசையில் அமர்த்துவோம். அதற்கு முன், அவர்கள் பெயர்களை நாம் கற்றுக்கொள்வோம்.