கொழுந்துத் தராசுக்குள்ளே என்ன இருக்கிறது?

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் போயா தினமொன்றில் பம்பலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில், நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. தோட்டங்களில் இருக்கும் பெற்றோரும் வாசிப்பதற்காக இங்கே தருகிறோம்.)



லீவு கிடைப்பதே மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள். அந்த நாளிலும் தூக்கத்தை விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகவே, சும்மா புத்திமதி சொல்லி உங்களை அனுப்ப நமக்கு விருப்பமில்லை. போன கூட்டத்தில் ஒரு தம்பி எழும்பிக் கேட்டார்: “ஐயா, நான் காலி வீதியில எலக்ட்ரிக் சாமான் கடையில பெட்டி தூக்குறேன். ரிப்பேர் வேலை பழகணும். எந்தக் கோர்ஸுக்குக் காசு கட்டலாம்?” அன்றைக்கு நாம் சரியான பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன்னே, நம்முடைய தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரை ஒரு குறுகிய காலப் பயிற்சிக்கு நாமே சேர்த்துவிட்டோம். பெற்றோர் சீட்டுக் காசு எடுத்துக் கட்டினார்கள். பிள்ளைகள் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பி வந்தார்கள். ஒரு மீட்டரைக் கையில் கொடுத்து, “இந்த பெட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பாருங்கள்” என்றோம். நாலு பேருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார்களாம். மீட்டரைத் தொட விடவில்லையாம். அந்த இடத்தை ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்காமல் அனுப்பியது நாங்கள்தான்.

அதனால் சொல்கிறோம்: காசு கட்டுவதற்கு முன்னே அடிப்படையைக் கொஞ்சம் கையாலே பழகிக்கொள்ளுங்கள். அப்போது யார் படிப்பிக்கிறார், யார் ஏமாற்றுகிறார் என்பது உங்களுக்கே விளங்கும்.

பெற்றோருக்கு இது எதற்கு என்று நினைக்கலாம். உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். கொழுந்து மடுவத்திலே முன்னே என்ன தராசு இருந்தது? வட்ட முகமும் முள்ளும் வைத்த தராசு. சாக்கைக் கொளுவினால் உள்ளே சுருள்கம்பி இழுபடும், முள் நகரும். இப்போது பல தோட்டங்களில் இலக்கம் காட்டும் தராசு வந்துவிட்டது. சிவப்பு எழுத்தில் 14.6 என்று வருகிறது, கணக்கில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். அந்த 14.6 எங்கே இருந்து வந்தது? அதைத் தெரிந்துகொள்வதற்கு வேண்டிய பாடமும், அந்தத் தம்பி கேட்ட ரிப்பேர் பாடமும் ஒன்றேதான்.

முள் தராசு போல, இடையில் விட்டுப்போகாமல் ஏறி இறங்குவதை ஒப்புமை முறை என்று பாடப்புத்தகம் சொல்லும். அனலொக் என்றும் சொல்வார்கள். இலக்கமாகக் காட்டுவது இலக்கமுறை, அதாவது டிஜிட்டல். “இப்ப எல்லாமே டிஜிட்டல் தானே, பழசைப் படிச்சு என்ன செய்ய?” என்று சில பிள்ளைகள் கேட்கிறார்கள். கொழுந்துக்கு இலக்கம் தெரியாது, தம்பி. பாரம், குரல், சூடு, வெளிச்சம் எல்லாம் ஏறி இறங்கும் சங்கதிகள். எந்த டிஜிட்டல் பெட்டியாக இருந்தாலும் அதன் வாசலில் ஓர் அனலொக் சுற்று உட்கார்ந்திருக்கும். தராசு பிழைப்பதும் அநேகமாக அந்த வாசலில்தான்.

சரி, அடிப்படைக்கு வருவோம். லயத்துக்கு மேலே மலையில் தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து குழாய், கீழே பீலி. தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு அமுக்கம், அதுதான் வோல்ட். பீலியில் விழும் தண்ணீரின் அளவு கரண்ட். அம்பியர் என்று அளப்பார்கள். குழாய் ஒடுக்கமென்றால் தண்ணீர் குறையும். அந்த ஒடுக்கம்தான் தடை, அதை ஓம் என்று அளப்பார்கள். வோல்ட்டைத் தடையால் வகுத்தால் கரண்ட் வரும். இதை 1827-ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்ட ஜோர்ஜ் ஓம் ஜெர்மனியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெரிய கம்பனிக்காரர் இல்லை.

இப்போது முதல் சுற்று. 9 வோல்ட் பெட்டரி ஒன்று, 470 ஓம் தடை ஒன்று, சிவப்பு எல்.ஈ.டி. பல்ப் ஒன்று. பாடப்புத்தகத்தில் தடையி, ஒளிகாலும் இருவாயி என்று இருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் விழிப்பார், ரெசிஸ்டர், எல்.ஈ.டி. என்று கேளுங்கள். இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது. ஒன்று பரீட்சைக்கு, ஒன்று கடைக்கு.

சிவப்பு எல்.ஈ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட். அதை 470-ஆல் வகுத்தால் 0.015 அம்பியர், அதாவது 15 மில்லி அம்பியர். பல்புக்கு அது போதும். ரெசிஸ்டர் இல்லாமல் நேரே கொடுத்தால் பளிச்சென்று எரிந்து செத்துப்போகும். நீளக் கால் பிளஸ் பக்கம் இருக்க வேண்டும்; மாற்றிக் கொடுத்தால் எரியாது. ஏனென்றால் அது ஒரு வழிப் பாதை. டயோட் எல்லாமே ஒரு வழிப் பாதைதான்.

இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டு, பிறகு மீட்டரால் அளந்து, இரண்டும் ஏன் கொஞ்சம் வித்தியாசப்படுகிறது என்று யோசிக்கிற பிள்ளை பாதிப் பாடத்தைத் தாண்டிவிட்டது. பெட்டரி சரியாக 9 வோல்ட் இராது. ரெசிஸ்டரும் சரியாக 470 இராது. கடைசியில் தங்க நிறக் கோடு இருந்தால் நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம்.

இரண்டாவது சுற்று இன்னும் சுலபம். ஆனால் தராசின் உயிர் இதில்தான் இருக்கிறது. 1,000 ஓம் ரெசிஸ்டர் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, 9 வோல்ட் கொடுத்து, மைனஸில் இருந்து நடுவிலே அளந்தால் பாதி, அதாவது 4.5 வோல்ட் வரும். மைனஸ் பக்கம் உள்ளதை 2,000 ஓம் ஆக்கினால் நடுவில் 6 வோல்ட் ஆகிவிடும். ஆக, ஒரு ரெசிஸ்டர் மாறினால் நடுப் புள்ளி ஏறி இறங்கும். மாறியது எவ்வளவு என்பதை அந்தப் புள்ளியே சொல்லிவிடும்.

கொழுந்துத் தராசுக்குள்ளே ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. சாக்கை வைத்தால் அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் மெல்லிய உலோகக் கோடு போட்ட ரெசிஸ்டர் நாலு ஒட்டியிருக்கும். அநேகமாக ஒவ்வொன்றும் 350 ஓம். வளையும்போது இரண்டு இழுபடும், தடை கூடும். மற்ற இரண்டு அமுங்கும், தடை குறையும். இரண்டு நடுப் புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பாரம் தெரியும். மாற்றம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? முழுப் பாரம் ஏற்றினாலும் ஓர் ஓம் கூட மாறாது. 50 கிலோ நிறுக்கும் கட்டைக்கு 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 10 மில்லி வோல்ட். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 0.2 மில்லி வோல்ட். ஒரு வோல்ட்டை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி ஐந்தாகப் பிரித்தது!

இவ்வளவு சின்னதை அப்படியே இலக்கமாக்க முடியாது. அதனால் நூறு மடங்குக்கு மேலே பெருக்குகிறார்கள். அந்தப் பகுதிதான் விரியலாக்கி, அதாவது அம்பிளிபயர். அதற்குள்ளே இருப்பவை டிரான்சிஸ்டர்கள். மூன்று கால் உள்ள சாமான். மதகுக் கதவைச் சின்னப் பிள்ளை திருப்பினாலும் பெரிய வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறதல்லவா? அப்படி ஒரு காலில் கொடுக்கும் சிறு கரண்ட், மற்ற இரண்டு காலுக்கும் இடையே ஓடும் பெரிய கரண்டை ஆளுகிறது. பெரிய கரண்டை டிரான்சிஸ்டர் உண்டாக்குவதில்லை. அது பெட்டரியில் இருந்து வருகிறது. இதை விளங்காமல் எத்தனையோ பேர் வருடக்கணக்காக ரிப்பேர் செய்கிறார்கள். பெருக்கிய பிறகே அதை இலக்கமாக்கும் பகுதி வரும்.

இப்போது பெற்றோர் கவனியுங்கள். 0.05 மில்லி வோல்ட் பிழைத்தாலே கால் கிலோ பிழைக்கும். மழையிலும் பனி மூட்டத்திலும் தண்ணீர் உள்ளே இறங்கினால் ரெசிஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு கள்ளப் பாதை உண்டாகும். இலக்கம் நிலையில்லாமல் ஆடும். மேசைத் தராசு சரிந்து நின்றாலும், கொளுவும் தராசு எதிலாவது முட்டிக்கொண்டிருந்தாலும் பிழைதான். ஆகையால் நிறுக்கத் தொடங்கும் முன் வெறும் தராசு பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். நிறை தெரிந்த படிக்கல் ஒன்றைக் காலையில் ஒரு தடவை வைத்துப் பார்க்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். அதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை. தராசுகளைச் சரிபார்த்து முத்திரை வைப்பதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ‘தராசு பொய் சொல்லுது’ என்று மொட்டையாகச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ‘வெறும் தராசில் 0.3 காட்டுது’ என்று சொல்லிப் பாருங்கள்.

ரிப்பேருக்கு வருவோம். நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கரண்டில் வேலை செய்யும் ரேடியோ “உர்ர்” என்று இரைந்துகொண்டே இருந்தது. ஒரு கடையில் கொடுத்தார்கள். ஸ்பீக்கரை மாற்றினார்கள், காசு வாங்கினார்கள், இரைச்சல் போகவில்லை. மறுபடி ஸ்பீக்கர்! உண்மையில் பழுதானது ஒரு கெபாசிட்டர், புத்தகத்தில் கொள்ளளவி. வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுவது. டிரான்ஸ்போர்மர் அதைக் குறைக்கும். நாலு டயோட் அதை ஒரு பக்கமாகத் திருப்பும். அப்போதும் அது செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கும். பீலிக்குக் கீழே பீப்பாய் வைத்தால், தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் நாம் ஒரே சீராக மொள்ளலாம் அல்லவா? அந்தப் பீப்பாய்தான் கெபாசிட்டர். வருடக்கணக்கில் சூடுபட்டு உள்ளே காய்ந்துபோனால் பீப்பாய் சின்னதாகிவிடும். அந்த 100 ஆட்டமும் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கும். விஷயம் தெரிந்தவனுக்கு இரைச்சலைக் கேட்டதுமே சந்தேகம் எங்கே என்று புரிந்துவிடும்.

ரேடியோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கொழும்பிலே 1923-ஆம் ஆண்டு எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்புப் பெட்டி ஒன்றைத் தன் ஆட்களோடு சேர்ந்து கட்டினார். தந்திக் கந்தோரின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் பாட்டை ஒலிபரப்பினார்கள். 1925 டிசம்பரில் ஒழுங்கான சேவையே தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் கரண்ட் இல்லாத லயங்களில் பெட்டரி டிரான்சிஸ்டர் வைத்து நம்முடைய தாய் தகப்பன் கேட்ட இலங்கை வானொலி அந்த அறையில் இருந்து வளர்ந்ததுதான்.

ஓர் எச்சரிக்கை. பழகும் வரைக்கும் பெட்டரியில் மட்டும் பழகுங்கள். போன் சார்ஜர், டீ.வி., கம்பியூட்டர் பவர் பெட்டி மூன்றையும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய்க் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் நிற்கலாம். கடையில் அண்ணன்மார் கழற்றுகிறார்களே என்று பார்த்துச் செய்யாதீர்கள். அவர்கள் அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

இனி அந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில். மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை குறைந்தது போதும். மூன்று மாதம் இரவில் ஒரு மணித்தியாலம்: முதலில் ரெசிஸ்டர், பிறகு டயோட், கெபாசிட்டர், கடைசியாக டிரான்சிஸ்டர். அவசரப்பட்டு வரிசையைக் குழப்ப வேண்டாம். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலேயே இலத்திரனியல் பாடம் இருக்கிறது. தம்பி தங்கச்சியின் பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கோர்ஸ் தேடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா? முடித்தால் தேசிய தொழில் தகைமை எத்தனையாம் மட்டம் கிடைக்கும்? ஒரு பிள்ளைக்கு ஒரு மீட்டர் இருக்கிறதா? மூன்றாவதற்கு மழுப்பினால் எழும்பி வந்துவிடுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களையும் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் முதலில் விசாரியுங்கள். தங்கச்சிமாருக்கும் இதைத்தான் சொல்கிறோம். நுணுக்கமாக ஈயம் ஒட்டும் வேலைக்குக் கொழுந்து பறித்துப் பழகிய விரல் குறைந்ததல்ல.

அடுத்த போயாவுக்கு இதே இடத்தில், காலை ஒன்பது மணிக்குச் சந்திப்போம். மீட்டரும் ஈயம் ஒட்டும் கோலும் நாங்கள் கொண்டு வருகிறோம். வேலை செய்யாத பெட்டரி ரேடியோ, டோர்ச் எது வீட்டில் கிடந்தாலும் கொண்டு வாருங்கள். டீ.வி. மட்டும் வேண்டாம்.