எமக்குப் பின் யார்?



உறவினர் கூடும் மங்கல நாள்களில் சில இல்லங்களிலிருந்து ஒரு தாயும் ஒரு பிள்ளையும் மட்டும் வாராதிருப்பதுண்டு. வினவினால், "பிள்ளைக்கு உடல்நலம் இல்லை" என்று விடை வரும். உண்மையில் பிள்ளைக்கு நோய் ஏதுமில்லை. ஒலிபெருக்கியின் ஓசை கேட்டால் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ஒன்றைக் கேட்டால் விடை கூறாமல் கேள்வியையே திருப்பிச் சொல்வான். அதனைக் கண்டோர் பேசும் பேச்சுக்கு அஞ்சித் தாய் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். பிள்ளையின் இந்நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர். மதியிறுக்கம் என்றும் தமிழில் வழங்குவர். இத்தகைய பிள்ளையைப் பெற்றோர் உள்ளத்தில் இரவும் பகலும் நிற்கும் கேள்வி ஒன்றே: "எமக்குப் பின் இவனுக்கு யார்?"

இக்கேள்விக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையைக் காட்டலாம். அமெரிக்க நாட்டு மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1933ஆம் ஆண்டில் டொனால்ட் டிரிப்லெட் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் எண்களிலும் சுழலும் பொருள்களிலும் அவர் மனம் ஆழ்ந்திருந்தது. மனிதர் வருவதும் போவதும் அவர் கருத்தில் படவில்லை. மருத்துவர் அறிவுரைப்படி 1937ஆம் ஆண்டில், நான்கு வயதும் நிரம்பாத அக்குழந்தையைப் பெற்றோர் தொலைவிலுள்ள ஒரு காப்பகத்தில் விட்டனர். பிரிவைத் தாங்கமாட்டாமல் ஏறத்தாழ ஓராண்டில் மீண்டும் வீட்டிற்கு அழைத்துவந்தனர். பின்னர் பால்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர் என்பவரிடம் கொண்டுசென்றனர். மகனைப் பற்றித் தந்தை எழுதிய மடல் 33 பக்கம் கொண்டது. கானர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் முதலாவதாகக் கூறப்பட்டவர் டொனால்டே ஆவார்.

அதற்கு முந்தைய ஆண்டு, அவர் ஊருக்கு அருகில் பண்ணை வைத்திருந்த ஓர் உழவர் குடும்பத்தில் விடப்பட்டார். அவ்வுழவரும் மனைவியும் பெரும்படிப்பு படித்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் செய்தது உயர்ந்த மருத்துவம். சிறுவன் எதையும் அளந்துகொண்டே இருந்தான். அவனைக் கிணறு தோண்டச் செய்து ஆழத்தை அளந்து கூறச் சொன்னார்கள். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினான். குதிரை பூட்டிய ஏரைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். அங்குச் சென்ற கானர், சிறுவன் நீண்ட வரிசைகளை உழுது, குதிரையைச் செம்மையாகத் திருப்புவதைக் கண்டு வியந்து எழுதினார். பிள்ளையின் இயல்பைத் தடுக்காமல், அதற்கு ஒரு பயன் காட்டியதே அவ்விருவர் செய்த உதவி.

பின்னர் டொனால்ட் பள்ளியில் பயின்று, 1958ஆம் ஆண்டில் கல்லூரிப் பட்டமும் பெற்றார். தம் குடும்பத்திற்கு உரிய வங்கியில் கணக்குப் பணி புரிந்தார். 27ஆம் வயதில் கார் ஓட்டக் கற்றார். தனியே பல நாடுகளைச் சுற்றிவந்தார். குடும்பத்தின் செல்வம் துணைசெய்தது உண்மையே. எனினும், செல்வத்தால் வேலை கிடைக்கலாம். ஊராரின் மதிப்பு கிடைத்துவிடாது. அவர் பழகியவர்களுக்கு எண்களைப் பெயராக இட்டு அழைப்பார். ஊரார் அதனை நகையாடவில்லை. தமக்கென ஓர் எண் கிடைத்ததை அன்பாகவே கொண்டனர். பெற்றோர் மறைந்த பின்னும் அதே ஊரில், அதே வீட்டில், அனைவரும் அறிந்த ஒருவராக வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் காலமானார். "எமக்குப் பின் யார்?" என்ற கேள்விக்கு ஃபாரஸ்ட் ஊரே விடையாயிற்று.

அக்காலத்திலேயே இதற்கு மாறான கொடுமையும் நிகழ்ந்தது. தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்று அறிஞர் சிலர் பழி சுமத்தினர். அன்னையர் பலர் அதனை நம்பிக் குற்ற உணர்வில் வாடினர். ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி அதனை மறுத்தார். 1977ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, மரபுக்கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டென்று காட்டியது. எனவே "வளர்ப்புச் சரியில்லை" என்று இன்று ஒருவர் கூறின், அது எப்போதோ பொய்யென்று தள்ளப்பட்ட பழியேயாகும்.

டிஸ்லெக்சியா முதலிய கற்றல் வேறுபாடு உடைய பிள்ளைகள்மீதும் இத்தகைய பழி விழுகிறது. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், கூரிய அறிவிருந்தும் படிக்க இயலாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடப்பின் அவனே பள்ளியில் முதல்வனாவான் என்பது அவன் ஆசிரியரின் கருத்து. அத்தகைய பிள்ளையை இன்றும் "சோம்பேறி" என்பது தகுமோ?

இந்திய நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு ஆகியன அச்சட்டம் காட்டும் வழிகள். ஆட்டிசம் உடையோருக்கு 18 வயதுக்குப் பின் சட்டப்படி காப்பாளரை அமர்த்த 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வகைசெய்கிறது. பெற்றோர் இவற்றைக் காலத்தே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஆனால் சட்டம் காப்பாளரைத் தரும், சுற்றத்தைத் தராது. அதனைத் தரவேண்டியவர் உற்றார் உறவினரே. அது பெரும்பொருள் வேண்டும் செயலன்று. விழா நடக்கும் இடத்தில் ஒலியில்லாத ஓர் அறையை ஒதுக்கலாம். பிள்ளையைப் பற்றித் தாயிடமே கேளாமல், பிள்ளையின் பெயர் சொல்லி அவனிடமே பேசலாம். விடை வரும்வரை பொறுத்திருக்கலாம். வாராவிடினும் சினவாதிருக்கலாம். எண்ணுவதில் விருப்பமுள்ளவனிடம் பந்தியில் இலைகளை எண்ணும் பொறுப்பை ஒப்படைக்கலாம். அவனோடு வளரும் மற்றப் பிள்ளைகள் இவற்றைக் கண்டு பழகினால், நாளை அவனை அறிந்த சுற்றத்தார் அவர்களே ஆவர்.

அடுத்த விழாவிற்கு அத்தாயும் பிள்ளையும் அச்சமின்றி வரட்டும். "எமக்குப் பின் யார்?" என்று அவள் கேட்கும்போது, "சுற்றத்தார் இருக்கின்றோம்" என்னும் விடை ஒவ்வோர் இல்லத்திலிருந்தும் எழட்டும்.