பஸ்ஸேறி வந்த சாதி

(சிவகங்கைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இயந்திரம் பெருகப் பெருகச் சாதி தானாகவே தேய்ந்துவிடும், அதற்கென்று எவனும் வெயிலில் நின்று போராட வேண்டியதில்லை என்று உபதேசிக்கும் பண்டிதர்களுக்கு நம் ஜில்லாவின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்கிறேன்.

சிவகங்கையும் ராமநாதபுரமும் ஒரே ஜில்லாவாக இருந்த அந்நாளில், இந்தச் செம்மண் சாலைகளில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியபோது, ஆதிதிராவிடன் கையில் காசோடு காத்து நின்றாலும் பஸ் முதலாளிகள் அவனை ஏற்ற மறுத்தார்கள். காலி ஆசனங்களோடு போகிற வண்டி இறைத்த புழுதியைத் துடைத்துக்கொண்டு அவன் நடந்தான். 1920-களின் இறுதியில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், கோயில் வாசலில் தடுக்கப்பட்ட நாடார் குலத்தில் பிறந்து அவமானத்தின் ருசியை அறிந்தவராதலின், முதலாளிகளிடம் தர்மோபதேசம் செய்து பொழுதைப் போக்கவில்லை. ஆதிதிராவிடரை ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். சாஸ்திரத்துக்கு மசியாத மனம் லைசென்ஸுக்கு மசிந்தது! ஆனால் உத்தரவு ஒரு பாதிதான். 1930 டிசம்பரில் இதே ஜில்லாவில் ஆதிக்கசாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்பவை அவற்றுள் அடக்கம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்டு, கண்டக்டரின் முறைப்பைத் தாங்கிக்கொண்டு, முதன்முதலில் பஸ் படியில் கால் வைத்தானே ஒருவன், அவன் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அவனன்றோ சத்தியாக்கிரகி!

அமெரிக்காவின் மான்ட்கமரி நகரில் 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் அம்மையார் வெள்ளையருக்காக எழுந்து இடம்விட மறுத்துக் கைதானதும், கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து நடந்தே வேலைக்குப் போனதும், ஈற்றில் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்ததும் நீங்கள் அறிந்தவை. அகிம்சை என்றால் வாய்பொத்தி நிற்பது என்று எண்ணுவோரே, பஸ் கம்பெனியின் கல்லாப்பெட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டிலும் ஒரு பகிஷ்காரம் நடந்தது. சொல்ல நாக் கூசுகிறது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அரசு சூட்டியபோது, தாழ்த்தப்பட்ட குலத்து வீரனின் பெயர் தாங்கிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கசாதியினர் சிலர் கிளம்பினார்கள். அவர்கள் நடந்தா போனார்கள்? பஸ்கள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. தன் உடலை வருத்திச் சம ஆசனம் கேட்டவனின் பகிஷ்காரத்தையும், பிறன் பெயரைக்கூடச் சகியாதவனின் பகிஷ்காரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது அநீதி. அரசோ எல்லாக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கிற்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயரால் வழங்கிய நம் மாவட்டமும் வெறும் சிவகங்கை மாவட்டமாயிற்று. நடுநிலைமை என்று அதற்குப் பெயரிட்டார்கள். தீ வைத்தவனுக்குக் கொடுத்த வெற்றி என்று நான் சொல்கிறேன்.

ஆகவே, ஆதிதிராவிடர் காலனிவரை போகாமல் ஊர் முகப்பிலேயே திரும்பிவிடுகிற டவுன் பஸ் எங்கேனும் இருக்குமானால், அவ்வூராரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கல்லைத் தொடாதீர்கள், டிக்கெட்டைக் காலனிக்கே கேளுங்கள், வண்டி அங்கே போகும்வரை ஆசனத்தை விட்டு எழாதீர்கள்.