மாலை போகும் சாலை

வட்டாரத்தைப் பற்றி ஆண்டுக்கு ஒருவர் பேச வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை வைத்தவர்களின் விருப்பம். நம் வன்னியம்பட்டி மக்கள் மதுரைக்கும் தென்காசிக்கும் போய்வரும் சாலையையே நான் எடுத்துக்கொண்டேன்.

திருமங்கலத்தில் பிரியும் இந்த நெடுஞ்சாலை தே.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று மேற்குமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தெற்கே இறங்குகிறது. புளியரை தாண்டி ஆரியங்காவில் மலையைக் கடக்கிறது. பிறகு தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை வழியாகக் கொல்லம் சேர்கிறது. மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நெடுங்காலம் 208 என்றிருந்த எண், 2010ஆம் ஆண்டு மறுவரிசையில் 744 ஆயிற்று.

இதன் போக்கைத் தீர்மானித்தது மலைதான். வண்டி ஏற இடம் கொடுக்கும் கணவாய்கள் இம்மலையில் சிலவே. அவற்றில் ஒன்று ஆரியங்காவு. கல்லடையாற்றின் மேல் புனலூர்த் தொங்குபாலம் 1877இல் எழுந்ததும், 1904இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே ரயில் ஓடியதும் அந்தக் கணவாயை நம்பித்தான். அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் நம் மாநிலத்தோடு இணைந்தது. இன்று காய்கறியும் அரிசியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் புளியரை வளைவுகளில் ஏறுகின்றன.

ஆனால் நம் பகுதிச் சாலைக்கு வியாபாரத்துக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது சூடும் மாலை, ஆண்டாள் சூடிக் களைந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போவது. திருமலை நாயக்கர் காலத்தைப் பற்றி மக்கள் இன்னொன்றும் சொல்வார்கள். ஆண்டாளுக்குப் பூசை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நகரா முரசு முழங்கும். வழிநெடுகிலும் இருந்த மண்டபங்களில் அடுத்தடுத்து முரசு கொட்டி, அந்தச் செய்தி மதுரை அரண்மனைக்கு எட்டும். அதன்பிறகே மன்னர் உணவருந்துவார். இது செவிவழிச் செய்தி. ஆனால் கல்மண்டபங்கள் செவிவழிச் செய்தி அல்ல. தூண் சாய்ந்தும், கூரையில் ஆலங்கன்று முளைத்தும் அவற்றில் சில இன்னும் நிற்கின்றன. நாடாண்ட ஒருவர் கோயில் முரசொலிக்காகக் காத்திருந்தார் என்று நம்பவே நம் மக்களுக்குப் பிடித்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் கல்லில் இருக்கும் ஒரே சாட்சி இந்த மண்டபங்கள்தான்.

திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலைத் திட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ராஜபாளையம் ஆலைகளுக்குப் போகும் பஞ்சு லாரியும் பள்ளிக்கூடச் சைக்கிளும் ஒரே தார்ப்பட்டையில் உரசிக்கொண்டு போவது இனியும் தகாது. காந்திநிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக்காலத்தைக் கழித்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் கல்லுப்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் எளிதாக வந்துசேரட்டும். ஆனால் போக்குவரத்து புதுச்சாலைக்கு மாறிவிட்டால் பழைய சாலையோரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆள் பார்வையில்லாத மண்டபம் கல்லும் மண்ணும் எடுப்பவர்களுக்கு இரையாகும்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். இங்கிருந்து திருமங்கலம் வரை எஞ்சியிருக்கும் ஒவ்வொரு மண்டபத்துக்கும் நேரில் போங்கள். நீள அகலம் எடுங்கள், தூண்களை எண்ணுங்கள், எந்த ஊர், எந்தச் சர்வே எண் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு எழுதுங்கள், படமும் எடுங்கள். அடுத்த சொற்பொழிவுக்குள் அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தால், தொல்லியல் துறைக்கான மனுவை நானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.