போகிப் புகையும் பொழில் வளமும்



பொங்கல் தமிழர்தம் தனிப்பெருந் திருநாள். ஞாயிற்றுக்கும் நிலத்துக்கும் ஏருக்கும் நன்றி கூறும் நாள். அதற்கு முந்தைய விடியலில் சென்னை மாநகரம் எவ்வாறு கண்விழிக்கின்றது? பறையொலியோடு மட்டுமன்று, இருமலோடும் கண்ணெரிச்சலோடும் விழிக்கின்றது. 2018 சனவரி 13-ஆம் நாள் போகிப் புகையும் பனியும் ஒன்றாய்த் திரண்டு மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தை மூடின. இறங்க வந்த வானூர்திகள் வேற்றூர்களுக்குத் திருப்பப்பட்டன.

பழையதைக் கழிப்பது நல்வழக்கமே. அன்று எரிந்தவை கிழிந்த பாயும் உலர்ந்த ஓலையும். இன்று எரிபவை உருளிப்பட்டையும் நெகிழியும்! அன்றைய சாம்பல் எருவாயிற்று; இன்றைய புகை நஞ்சாயிற்று. பனிக்கால விடியலில் நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்தும், அதன் மேலுள்ள காற்று வெப்பமாகவும் இருக்கும். அம் மேலடுக்கு மூடிபோல் அமைவதால் புகை மேலெழாது தெருவிலேயே தங்குகின்றது. அதனை முதலில் மூச்சிழுப்போர் குழந்தைகளும் முதியோருமே.

அப்புகையில் மிகக் கொடியவை கண்ணுக்குத் தெரியாத் துகள்கள். அவற்றின் அளவு தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவை நுரையீரலின் அடியாழம் வரை சென்று குருதியிலும் கலக்க வல்லவை. ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள் ஆண்டு நிரவலாக 5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்திய அரசு 2009-இல் வகுத்த வரம்போ 40! நுரையீரல் எங்கும் ஒன்றே. வரம்பில் மட்டும் ஏன் எண்மடங்கு வேறுபாடு?

போகி ஒருநாளே. ஊர்திப் புகையும், கட்டடப் புழுதியும், எண்ணூர் நிலக்கரிச் சாம்பலும், மணலி ஆலைப் புகையும் ஆண்டு முழுதும் உள்ளவை. ஆதலின் ஏழையின் குப்பைத் தீயை மட்டும் பழித்து ஆலைகளின் புகைபோக்கிகளை மறப்பது நேர்மையன்று.

மரங்கள் துணை செய்யும். இலைகள் புழுதியைத் தாங்கும். நிழல் வெம்மையைத் தணிக்கும். ஆயின் மரம் நட்டுவிட்டால் எத்துணைப் புகையும் விடலாம் என்பது பேதைமை. புகையைக் குறைப்பது முதற்கடன். பொழிலைக் காப்பது இணைக்கடன். கா, சோலை, பொழில், தண்டலை, தோப்பு என மரச்செறிவுக்கு இத்துணைச் சொற்கள் படைத்த இனம், சொல்லை அகரமுதலியில் வைத்துப் பொருளை விற்றுவிடலாமா? 1978-இல் நாட்டுப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற கிண்டிக் காடு ஏறத்தாழ 2.7 சதுரக் கிலோமீட்டரே. மாநகரின் நடுவே மான் துள்ளும் அக்காட்டை ஒரு முழமும் குறையாமல் காத்தல் வேண்டும். 2016 திசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அவ்விடங்களில் வேம்பும் புங்கும் பூவரசும் ஓங்கட்டும்.

காற்றின் நிலையை நல்லது முதல் மிகக் கொடியது வரை ஆறு படிகளாகப் பகுத்துக் காட்டும் காற்றுத் தர எண் உள்ளது. அதனை ஒவ்வொரு பள்ளியும் நாள்தோறும் தூய தமிழில் கரும்பலகையில் எழுதுக. எண்ணின் பொருளை மாணவர் இல்லத்தார்க்கு உரைப்பர். அறிந்த மக்கள் அரசை வினவுவர்.

வரும் போகியில் பழையதைக் கழியுங்கள், எரிக்காதீர்கள். மூச்சு மாசுற்றபின் முழங்குதற்குக் குரல் ஏது? தமிழ் வாழத் தமிழர் வாழ்தல் வேண்டும். தமிழர் வாழக் காற்றுத் தூயதாதல் வேண்டும்!